அடையாளம் கண்ட ரத்தம்

அந்த ஆண்டுகளில் என் வேலை, நோயாளிகளிடம் ரத்தம் கேட்பது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். மனைவிக்கு ஓசூரில் பள்ளிக்கூட வேலை என்பதால் வீடு ஓசூரில். காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால், அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் ஊர்ந்து, ஒன்பது மணிவாக்கில் மடிவாளாவில் இறங்கலாம். அங்கிருந்து இன்னொரு பஸ்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதுதான்: புற்றுக்கட்டி நம் உடம்பிலேயே முளைத்தாலும், அதில் இருக்கும் சில புரதங்களை உடம்பு தன்னுடையதல்ல என்று அடையாளம் கண்டுகொள்கிறது. கண்டுகொண்டதும் அவற்றுக்கென்றே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. உடம்பு அப்படிக் கண்டுபிடித்த புரதங்களைத்தான் ஆன்டிஜென் என்கிறோம். அவை எவையென்று தெரிந்தால் ஒருநாள் அவற்றை வைத்தே தடுப்பூசி மாதிரி ஒரு மருந்து செய்யலாம் என்பது நம்பிக்கை. உலகத்தில் பல இடங்களில் பலர் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் சினைப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு நோயாளியின் ரத்தம் வேண்டும், சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால். புற்றுநோய் மருத்துவமனையில் ஒப்புதல் படிவம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ‘நீயே போ’ என்று ஆய்வுக்கூடத்தின் தலைவி என்னை வார்டுக்கு அனுப்பினார். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

ஓர் அக்காவை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஊர், ராயக்கோட்டை போகும் வழியில் உத்தனப்பள்ளி. நாற்பத்தைந்து வயதிருக்கும். சிப்காட்டில், வண்டிகளுக்கு உதிரிபாகம் வார்க்கும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெல்ட்டில் வரும் உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்து, டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பிப் பார்த்து, கீறலோ குமிழோ இருந்தால் சாக்பீஸால் குறி போட வேண்டும்; கடைசியில் நிற்கிறவர் அதை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவார். பதினோரு வருஷமாக அதே வேலை. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவர் பிளாஸ்டிக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது தெலுங்கு.

படிவத்தில் ஒரு வரியை நான் கட்டாயம் படித்துக் காட்ட வேண்டும். “இந்த ஆய்வால உங்களுக்கு நேரடியா எந்தப் பலனும் கிடைக்காதுக்கா.”

“அப்ப யாருக்குக் கெடைக்கும்?”

“பின்னால வர்றவங்களுக்கு.”

அவர் கணவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எங்க கம்பெனியிலயும் இப்பிடித்தான் சார். இன்னிக்கு நாங்க பாத்துத் தள்ளுனா, நாளைக்கு வண்டி ஓட்றவன் நல்லா இருப்பான். அவன் யாருன்னு நமக்குத் தெரியாது. எடுத்துக்கோங்க.” கையை நீட்டினார்.

நரம்பு சுலபமாகக் கிடைத்தது. குழாயில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் மருத்துவமனையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். எங்களுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் எழுதியது என் கை. அவருடையது பதினேழு என்பதை நான் மறக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும். கட்டியிலிருந்து எடுத்த மரபணுத் துண்டுகளை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் ஏற்றி, வட்டத் தட்டுகளில் வளர்ப்போம். தட்டில் குண்டூசித் தலை அளவில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியிலும் கட்டியின் ஏதோ ஒரு புரதம். அதன்மேல் மெல்லிய வெள்ளைத் தாள் போன்ற ஒரு சவ்வை ஒற்றி எடுத்து, நோயாளியின் ரத்தத்தில் இருந்து பிரித்த தெளிந்த நீரில் ஊறவைப்போம். அந்த ரத்தம் ஏதாவது ஒரு புரதத்தை அடையாளம் கண்டால், கடைசியில் சாயம் ஊற்றும்போது அந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். பெரும்பாலான நாட்கள் எதுவும் தெரியாது. வெள்ளைச் சவ்வைக் கழுவிக் காயவைத்து, ‘இல்லை’ என்று எழுதிவிட்டு பஸ் ஏறுவேன்.

பதினேழாம் எண்ணைப் போட்ட அன்று சாயம் ஊற்றி ஐந்து நிமிஷத்தில் புள்ளி எழும்பியது. ஒன்றல்ல, பக்கத்துச் சவ்வில் இரண்டு, அடுத்ததில் ஒன்று. ஓரமெல்லாம் தெளிவாக, ஊதா மை சிந்தியது போல. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சவ்வின்மேல் குனிந்து பார்த்தார். திரும்பச் செய்து பார்க்கச் சொன்னார். திரும்பவும் வந்தது. நோயில்லாத ஆட்களின் ரத்தத்தில் வரவில்லை. மறுநாள் மேடம் மைசூர்பாகு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல புள்ளி அது. அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

சில வாரம் கழித்து, மாலையில் மடிவாளாவில் ஓசூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்த அக்காவும் கணவரும் வந்தார்கள். ஆபரேஷன் முடிந்து, மூன்றாவது கீமோ ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தலையில் முக்காடு போலத் துண்டு. முகம் கருத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், வாந்தி வந்தால் என்று.

பஸ்ஸில் அவருக்கு முன் சீட் கிடைத்தது. கணவர் வற்புறுத்தியதால் பக்கத்தில் நான். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொம்மனஹள்ளியில் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரிகள்.

“தம்பி,” என்றார். சார் எப்போது தம்பியானது என்று நான் கவனிக்கவில்லை. “என் ரத்தத்துல எதுனா தெரிஞ்சுதா?”

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் விதி. விதி இல்லாவிட்டாலும் அதுதான் சரி. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். கொடுப்பதற்கு என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கு அதை யாரிடமாவது பெருமையாகச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

“தெரிஞ்சுதுக்கா. உங்க உடம்பு அதைக் கண்டுபிடிச்சிருச்சு. அதுக்கு எதிரா உங்க ரத்தமே ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்கு. எல்லாருக்கும் இப்படி இருக்காது.”

அவர் என்னையே பார்த்தார். “நெசமாவா?”

“நிஜமாத்தான்.”

நிமிர்ந்து கணவரிடம் தெலுங்கில் வேகமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது ரத்தம், பிடித்துவிட்டது என்ற இரண்டு சொற்கள்தான். கணவர் என் தோளில் கை வைத்தார்.  அத்திப்பள்ளி வரும்வரைக்கும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வாந்தி எடுக்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ராயக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். நான் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஆறு கீமோ முடிந்ததும் இரண்டாவது முறை ரத்தம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். நாள் கணக்குப் பார்த்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். நர்ஸ் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உத்தனப்பள்ளி அம்மாவா? அவங்க நாலாவதுக்கே வரலையே,” என்றார். ஃபைலில் இருந்த ஃபோன் எண் பக்கத்து மளிகைக்கடையுடையது. கடைக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் அவர்கள் வந்து பேசவில்லையாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பஸ். வழியெல்லாம் தக்காளிக் கூடைகள் ஏறி இறங்கின. மளிகைக்கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். இரண்டு அறை, சிமெண்ட் ஷீட் கூரை. அக்கா வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. முகத்தில் தெளிவு. ஒரு கணம் எனக்கே எல்லாம் சரியாகிவிட்டதோ என்று தோன்றியது. அப்புறம் அவர் எழுந்து நின்றார். வயிறு நீர் கோத்து முன்னால் தள்ளியிருந்தது. சேலையை அதற்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தார்.

“வாங்க தம்பி, வாங்க. ஊட்டைக் கண்டுபிடிச்சு வந்துட்டீங்களே.” உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். “கம்பெனிக்குக்கூட மறுபடி போயிட்டேன். ஒரு மாசமா போறேன். உக்காந்துக்கிட்டே பாக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

“ஏன்க்கா ஆஸ்பத்திரிக்கு வரல?”

அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. “நீங்கதானே சொன்னீங்க, ரத்தமே புடிச்சிருச்சுன்னு. அந்த மருந்து ஏத்துனா நல்ல ரத்தமும் செத்துப் போவுதாம். வார்டுல எல்லாரும் பேசிக்கிட்டாங்க. டாக்டரும் அப்பிடித்தான் சொன்னாரு, அணுவெல்லாம் கொறைஞ்சிருக்குன்னு. சண்டை போடற ரத்தத்தை நாமளே ஏன் சாவடிக்கணும்? அதான் நிறுத்திட்டோம்.”

கணவர் காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடு விரலைச் சுட்டது.

அவர்கள் யோசித்ததில் தப்பே இல்லை. நான் சொன்னதிலிருந்து யாரும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். அடையாளம் காண்பது வேறு, அழிப்பது வேறு என்றேன். ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறது, ஆனால் கட்டிக்குள் போய் அதைக் கொல்ல அதனால் முடிவதில்லை, ஏன் என்று எங்களுக்கே தெரியாது என்றேன். ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தைவிடப் பலவீனமாக வந்தது.

“அப்ப அன்னிக்கு பஸ்ல சொன்னது பொய்யா?”

“பொய் இல்லக்கா.”

“பொய் இல்லன்னா, இது என்ன?” என்று வயிற்றின்மேல் கை வைத்தார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

 அவரே யோசித்தார். பீன்ஸ் நாரை விரலில் சுற்றிக்கொண்டே, “எங்க லைன்ல ஒரு தடவை இப்பிடி ஆச்சு,” என்றார். “நாங்க பாட்டுக்கு ரிஜெக்ட் பீஸைப் பாத்துப் பாத்து சாக்பீஸ்ல குறி போட்டு உடறோம். அந்தப் பக்கம் எடுத்து வெளிய போடறதுக்கு ஆளே இல்ல. குறியோட எல்லாம் பெட்டியில போயிடுச்சு. அந்த மாதிரியா?”

“ஆமாக்கா. அந்த மாதிரிதான்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி.”

அவ்வளவுதான் அவர் என்னைச் சொன்னது. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார்கள். வந்தார்கள்.

வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள். வேறு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நான் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. எழுதி முடித்து ஃபைலை மூடிய பிறகுதான் பேசினார். “நீங்க சொல்லாமலே நடுவுல நிறுத்தறவங்க நிறையப் பேர். இவங்க ஒழுங்கா வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேக்கறீங்க. தெரியாது. கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். தெரியும்னு சொன்னா நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது ரத்தத்தை நான்தான் எடுத்தேன். இந்த முறை நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. “பரவால்ல, பாத்து எடுங்க,” என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.  ரத்தத்தில் என்ன தெரியும் என்று கேட்கவே இல்லை.

சவ்வில் போட்டுப் பார்த்தோம். புள்ளி முன்னைவிடக் கருப்பாக வந்தது. எவ்வளவு நீர்க்க வைத்துப் பார்த்தாலும் வந்தது. ஆன்டிபாடி பல மடங்கு ஏறியிருந்தது.

“மேடம், இவ்வளவு எதிர்ப்பு இருந்தா நோய் குறையணும்ல?” என்று கேட்டேன்.

மேடம் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே சொன்னார். “கட்டி பெருகப் பெருக அந்தப் புரதமும் ரத்தத்துக்குள்ள அதிகமா கசியுது. உடம்பு அதை அதிகமாப் பார்க்குது, அதிகமா எழுதி வைக்குது. அவ்வளவுதான்.”

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பஸ்ஸில் நான் அவரிடம் சொன்ன நல்ல சேதி, நோய் எவ்வளவு இருக்கிறது என்ற சேதியாகக்கூட இருந்திருக்கலாம். முதல் நாளிலேயே அவ்வளவு தெளிவாகப் புள்ளி வந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். நான் மைசூர்பாகு தின்றேன்.

மேடத்திடமும் சொன்னேன்.  இனி வார்டுக்கு நான் போக வேண்டாம், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். சரியான முடிவு. அதற்கப்புறம் அந்த அக்காவைப் பார்க்க எனக்கு வேலை என்று ஒரு காரணம் இல்லாமல் போனது. காரணம் இல்லாமலே ஒருநாள் போனேன். வார்டு கதவு வரைக்கும் போய், அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதைப் பார்த்தேன். கணவர் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று கதவருகே நின்று யோசித்தேன். எதைச் சொன்னாலும் அவர்கள் நம்புவார்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மாசி மாதத்தில் அவர் போய்விட்டார். நர்ஸ் சொல்லித்தான் தெரியும். ஊருக்கு அழைத்துப் போய் இரண்டு வாரத்தில்.

அந்தப் புரதத்தைப் பற்றி எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு கட்டுரை எழுதியது. கீழே சிறிய எழுத்தில் நோயாளிகளுக்கு நன்றி சொல்லியிருந்தோம். அதே புரதத்தை வேறு நாட்டில் வேறு ஒரு குழுவும் கண்டிருந்தது. சில வருஷம் அதைப் பற்றிப் பேச்சிருந்தது, பிறகு குறைந்தது. அதிலிருந்து மருந்து எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் அந்த வேலையை விட்டு ஓசூரிலேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டேன். ஆன்டிபாடி பற்றி நடத்தும்போது பிள்ளைகள் ‘போர்வீரர்கள்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

வேலையை விடுவதற்கு முன்னால், அவர் இறந்து மூன்று மாதம் இருக்கும், ஒரு மத்தியானம் வாட்ச்மேன் என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாக ஃபோன் செய்தார். அந்த அக்காவின் கணவர். கம்பெனியில் கேட்ட காகிதங்களுக்காக மருத்துவமனைக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். அவர் என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

“சார், அவ ரத்தம் இன்னும் உங்ககிட்ட இருக்குதா?”

“இருக்குதுண்ணா.”

“ஒருவாட்டி பாக்கலாமா?”

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. மேடம் ஊரில் இல்லை. அவரை வாட்ச்மேன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். குளிர்பெட்டியைத் திறந்து, உறைந்த குழாயை ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து வெளியே எடுத்து வந்தேன். அது குற்றம் என்று தெரியும். கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். விரல் நீளம்கூட இல்லாத குழாய். அதற்குள் கொஞ்சம் வெளிர்மஞ்சள்.

“இது ரத்தம் இல்லையே சார்.”

“சிவப்பு அணுக்களை எடுத்துட்டுத் தெளிஞ்ச தண்ணியை மட்டும்தான் வச்சிருப்போம்ணா. நாங்க பாக்கறது அதுலதான்.”

“ஓ,” என்றார். எதையோ எதிர்பார்த்து வந்திருந்தார். இது அதுவல்ல. குழாயைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். “பேரு எங்க எழுதியிருக்குது?”

“பேரு எழுத மாட்டோம்ணா. நம்பர்தான்.”

“அப்ப இது அவளோடதுதான்னு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் ஒருமுறை அதே முகத்தை அவர் நம்பியிருந்தார். தலையாட்டினார். “மூடிடுங்க சார். வெயில்ல கெட்டுப் போயிடப் போவுது.”

மடிவாளா வரைக்கும் எந்த பஸ் என்று கேட்டார். சொன்னேன். நிறுத்தம் வரைக்கும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வெயிலில் அவர் தெருமுனை திரும்பும்வரை பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன்.

குளிர்பெட்டியிலிருந்து எதை வெளியே எடுத்தாலும் அதற்கென்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எடுத்த நேரம், வைத்த நேரம், காரணம். நேரங்களை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் யாரோ தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ‘பரிசோதனைக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.